நூறு நாள் இயந்திரமும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

அது நல்ல கதை என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். கல்முனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணினி படிப்பிக்கிறவள் நான். ஒரு வரியில் ஒரு குறி பிசகினாலும் முழுதும் ஓடாமல் நின்றுவிடும் என்று பிள்ளைகளைப் பிடித்து ஏசுகிறவள். அந்த ஜப்பான் படக்கதையிலோ பக்கத்துக்குப் பக்கம் பிசகு. அப்படியிருந்தும், எனக்குக் கலியாணமான மூன்றாவது மாதத்தில் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

மங்கா என்பார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், வலமிருந்து இடமாகப் போகும் பக்கங்கள். ஓதல் பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய கண்ணுக்கு அது ஒரு சிரமமே இல்லை. யாரோ ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கதை இதுதான். மழை ஓயாத ஒரு சிறு பட்டினத்தில் ஒரு பெண் குடை திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வாய்க்காரி. அவளுடைய பெரியம்மா அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கம்பனிக்கு எழுதிப் போட்டு, வீட்டு உதவிக்கு ஓர் அண்ட்ராய்டை வரவழைத்துவிடுகிறாள். அச்சு அசல் மனிதனைப்போல் செய்த இயந்திரம். பார்க்க அழகான வாலிபன். நூறு நாள் சோதனைக்கு வீட்டில் வைத்திருக்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பலாம். இனி என்ன நடக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

குறைகளைச் சொல்லப்போனால் பொழுது போய்விடும். சார்ஜ் ஏற்ற அவன் ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்ற வேண்டுமாம். ஏன், அந்தத் துளையைக் காதுக்குப் பின்னால் வைத்தால் ஆகாதா? ஆசிரியர் அறையில் மற்ற டீச்சர்மார் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் எட்டு மணித்தியாலம் தாங்கிய பேட்டரி ஒன்பதாம் அத்தியாயத்தில் மூன்று நாள் தாங்குகிறது. பக்கத்துப் பூக்கடைக்காரி ஒருத்தி அவன்மேல் கண் வைத்து மூன்று அத்தியாயம் பாடாய்ப் படுத்துவாள். பிறகு ஆளையே காணோம். எழுதியவருக்கு மறந்துபோயிருக்கும். குடைக்காரி படியில் தடுக்கி அவன்மேல் விழுகிற கட்டம் மட்டும், கடைசி அத்தியாயத்துக்கு முன்பே, ஏழு தடவை. அல்லாஹ்வே, ஏழு தடவை! அந்தப் படியைத் திருத்த ஓர் ஆளைக் கூப்பிடக் கூடாதா?

ஆனால் ஒன்றை மட்டும் எழுதியவர் சரியாகப் பிடித்திருந்தார். அடுத்தவர் வீட்டுக்குள் புதிதாக வந்த ஒருவர் எந்தப் பக்கம் நிற்பது, எதைத் தொடுவது, எப்போது சிரிப்பது என்று தெரியாமல் படுகிற பாடு. அந்த வாலிபன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, எதைக் கேட்டாலும், "எனக்கு எந்தச் சிரமமும் இல்லை" என்பான். அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

என் கணவருக்கு ஊர் வரிப்பத்தான்சேனை. வயற்காரக் குடும்பம். கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை. நாலு மாத லீவில் வந்து என்னைக் கலியாணம் முடித்தார். திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கம்பனி முதலே எடுத்துக் கொடுத்திருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் அவருடைய கூட்டாளி ஒருவர் ஏசி கடை போட்டு, கூட்டாகச் செய்வோம் வா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். போவதா, நிற்பதா? அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லார் நெஞ்சிலும் இருந்த கேள்வி இதுதான். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. எனக்கு அவர் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக ஐந்து வேளையும் துஆ கேட்டேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

ஒருமுறை அவராகவே பேச்செடுத்தார். "நான் போறதப் பத்தி நீங்க என்ன நினைக்கீங்க?"

ஊரில் எல்லாரோடும் வாய் காட்டுகிற நான் அந்த இடத்தில் ஊமையாகிப் போனேன். போகாதீங்க என்று சொன்னால், உழைக்கிறவனைக் கட்டிப்போட்டாள் என்று வருமோ என்று ஒரு பயம். மானமும் விடவில்லை. "ஒங்கட விருப்பம்" என்று சொன்னேன். அவர், "சரி, பரவாயில்ல" என்றார். கதை அதோடு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்துப் பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேருக்கு எழுதப்படும். வாப்பாவும் உம்மாவும் பின்னறைக்கு மாறி, முன்னறையை எங்களுக்குத் தந்தார்கள். மாப்பிள்ளை என்றால் வீடே அவரைச் சுற்றித்தான் ஓடும். அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள். மீனில் நடுத்துண்டு அவருக்கு. வாப்பா தன் சாய்மனைக் கதிரையை அவருக்குக் காட்டிவிட்டு, தான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கூனிக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளையும் அதில் சாய்ந்ததே இல்லை. நுனியில் நிமிர்ந்து இருப்பார். "மின்விசிறியக் கூட்டட்டா மகன்?" "பரவாயில்ல மாமி." "குறைக்கட்டா?" "பரவாயில்ல." கூட்டினாலும் அதே, குறைத்தாலும் அதே. எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வரும்.

இதெல்லாம் போக, முட்டைக் கோப்பி. புது மாப்பிள்ளைக்குக் காலையில் முட்டைக் கோப்பி கொடுப்பது எங்கள் ஆட்களின் வழமை. ஊர்முட்டையை உடைத்து, சீனி போட்டு நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை அதன்மேல் ஊற்றுவது. ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை கொடுப்பார்கள். ஆனால் இவர் முதல் நாள் குடித்து முடித்து, "நல்லா இரிக்கி மாமி" என்று சொல்லிவிட்டார். போதாதா? உம்மா விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் முதல் வேலை முட்டை அடிப்பதுதான். மூன்று மாதமாக ஒரு நாள் தப்பவில்லை.

அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வேகமாகக் கிளம்பிப் போவார். முக்கால் மணித்தியாலம் கழித்து வருவார். வயல் ஊரில் பிறந்தவர், கடலைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பிறகு, என்னோடு வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். புத்தி அப்படித்தான் போகும்.

எங்கள் வீட்டு மேல்தட்டு இன்னும் கட்டி முடியாதது. தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அங்கே காற்று நன்றாக வரும். ஒருநாள் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனவள், உடுப்புக் குவியலுக்கு மேலேயே இருந்துகொண்டு கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவை தடுக்கி விழுகிற இடம். "கண்ணத் தொறந்து நட, மூதேவி!" என்று சத்தமாகவே ஏசிவிட்டேன். பார்த்தால் படியில் அவர் நிற்கிறார்.

"ஆரோட சண்ட?"

வெட்கமாகப் போய்விட்டது. மறைக்கவும் முடியவில்லை, போன் கையில். சொன்னேன். ஒரு பெண், ஓர் இயந்திரம், நூறு நாள், விசர்க் கதை என்று. சிரிப்பார், அல்லது படிச்ச டீச்சர் இதையா வாசிக்கிற என்பார் என்று பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தி, படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அவன்ட சூடு எங்கால வெளியேறுது?" என்று கேட்டார்.

"என்ன சூடு?"

"இல்ல, இவ்வளவு வேல செய்யிற மெசின். உள்ளுக்குச் சூடு ஏறத்தானே வேணும். காத்துப் போற ஓட்டை ஒண்டையும் காணல்ல. பத்து நிமிசத்தில எரிஞ்சிரும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மூன்று மாதத்தில் அவர் தானாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து அசர் தொழுதுவிட்டு இருவரும் மேல்தட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. அவருக்கு வேலைத்தள ஆங்கிலம்தான். ஆகவே நான் படம் காட்டிக் காட்டி எங்கள் பேச்சிலேயே சொல்வேன். ஜப்பான் அண்ட்ராய்டு கல்முனைத் தமிழ் கதைப்பான். "எனக்கொரு கரச்சலும் இல்ல கா" என்பான். பெரியம்மா, "வாயப் பொத்திக்கொண்டு தின்னுடி" என்பாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சட்டை கழற்றுகிற பக்கங்களை நான் விறுவிறென்று தள்ளிவிடுவேன். "இரிங்க, அந்தப் பிளக் எந்த மாதிரி எண்டு பாக்கணும்" என்று திருப்பச் சொல்வார். "இஞ்சத்த உப்புக் காத்துக்கு இவன் ஒரு வருசம் தாங்கமாட்டான், கழுத்து ஆணி முதலாவதாத் துருப்புடிக்கும்" என்பார். ஒரு மட்டமான கதையை இரண்டு பேர் சேர்ந்து குறை சொல்லிக்கொண்டு படிப்பதில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கீழே இறங்கியதும் மறுபடி அதே "பரவாயில்ல" மாப்பிள்ளை.

ஒரு சனிக்கிழமை காலையில் மீன்காரர் வந்தார். அடுத்த ஊரான பாண்டிருப்பிலிருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். என் சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் அவர்தான். உம்மா பாரைக் குட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மனுசன் வெள்ளை மனசோடு சொன்னார்: "அக்கா, ஒங்கட மருமகன் நல்ல பொடியன். ஒவ்வொரு நாளும் விடிய எங்கட பக்கம் தேத்தண்ணிக் கடைக்கு வருவார். ஒரு பிளேன்டீ, இஞ்சி போட்டு. எல்லாரோடயும் சிரிச்சிக் கதைச்சிப்போட்டுத்தான் போவார்."

உம்மாவின் கையிலிருந்து மீன் பெட்டிக்குள் விழுந்தது.

எங்கள் ஊரில் இது சின்ன விசயமில்லை. மாப்பிள்ளை விடியக் காலையில் கடையில் தேத்தண்ணி குடிக்கிறார் என்றால், மாமியார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். அதுவும் நம் ஆட்களின் கண்ணில் படாமல் அடுத்த ஊர் எல்லை தாண்டிப் போய்க் குடிக்கிறார் என்றால்? உம்மா மீனை வாங்காமலே உள்ளே வந்து குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்துவிட்டா.

"நான் என்ன குறை வைச்ச, மகள்? ஒரு நாளாவது சுணங்கினனா?"

"நான் போய்க் கேக்கன்" என்று எழும்பினேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கீழே உம்மா வாப்பாவிடம் ஒரு சிரிப்பு இல்லை, கடையில் எல்லாரோடும் சிரித்துக் கதைக்கிறாராமே! உம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. "மாப்புளயப் போய் ஏன் கடையில குடிக்கீங்க எண்டு கேக்கிறதா? மானம் போயிரும். பேசாம இரி." பிறகு முட்டைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "ஒரு முட்ட காணாதாக்கும்."

மறுநாள் இரண்டு முட்டை. அவர் கோப்பையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். குடித்தார். வழமையைவிட வேகமாகக் கடற்கரைக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் மேல்தட்டில் பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்திருந்தோம். குடைக்காரியின் பெரியம்மா ஊறவைத்த மீனைக் கொண்டுவந்து அண்ட்ராய்டுக்கு ஊட்டுகிறாள். அவனுக்குச் சாப்பிட முடியாது, வயிறே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு பை இருக்கிறது. எல்லாம் அதற்குள் போகும். அவனும் ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி விழுங்குகிறான். பிறகு விடிய எழும்பி, ஒருவருக்கும் தெரியாமல் ஆற்றங்கரைக்குப் போய், நெஞ்சைத் திறந்து பையைக் கொட்டிக் கழுவிக்கொண்டு வருகிறான். பெரியம்மாவோ, பையனுக்குப் பிடித்திருக்கிறது என்று இன்னும் பெரிய சட்டியில் கொண்டுவருகிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் அவன் சொல்லல்ல?" என்று கேட்டேன் நான். "ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். விசரன்."

அடுத்த பக்கத்தில் எழுதியவர் காரணம் கொடுத்திருந்தார். அவனுடைய மென்பொருளில் ஏதோ கோளாறாம். 'மறுப்பு' என்ற பகுதியை ஏற்ற மறந்துவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல இடத்தைக் கொண்டுவந்துவிட்டு இப்படியா கெடுப்பது!

"அது பொய்" என்றார் அவர். "எழுதினவருக்கு விளங்கல்ல. கோளாறு ஒண்டும் இல்ல. வேணாம் எண்டு சொன்னா, திருப்பி அனுப்பிருவாங்களோ எண்டு அவனுக்குப் பயம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் திரும்பியிருந்தார். எனக்கு ஒரேயடியாக எல்லாம் விளங்கியது.

"மச்சான்," என்றேன். "முட்டைக் கோப்பியா?"

"சின்ன வயசில இருந்தே பச்ச முட்ட மணம் எனக்கு ஆகாது. குடிச்சா வயித்தப் புரட்டும். கடற்கரைக்குப் போனா பாதி நாள் சத்திதான். பொறகு ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சாத்தான் மனுசனாகிற."

"மூண்டு மாசமாவா?"

"இப்ப ரெண்டு முட்ட" என்றார், மிகவும் பாவமாக.

சிரிப்பு வந்து, அது நிற்பதற்குள் அழுகை வந்து, பிறகு கோபம் வந்தது. என்ன மனுசன் இவர்! நானே போய் உம்மாவிடம் சொல்கிறேன் என்று எழும்பினேன். "வேணாம் புள்ள, ஒங்கட வாயில வந்தா அது சண்டையாத்தான் முடியும். நான் சொல்லுறன்" என்றார். நான் நம்பவில்லை.

ஆனால் சொன்னார். மறுநாள் காலை உம்மா கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, கதிரை நுனியில் இருந்தபடி, "மாமி, கோவிக்காதீங்க. எனக்கு முட்டைக் கோப்பி வேணாம். ஒத்துக்கொள்ளுதில்ல" என்றார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு பேசாமல் குசினிக்குள் போனா. போச்சு, உம்மாவின் மனசை உடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது.

தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு உம்மா சொன்னா: "மகன், அத அடிக்கக்குள்ள எனக்கே குமட்டும். மூக்கப் பொத்திக்கொண்டுதான் அடிச்ச. ஒங்களுக்குப் புடிக்கிதே எண்டுதான்."

பிளாஸ்டிக் கதிரையில் இருந்த வாப்பா பத்திரிகையைக் கீழே இறக்கினார். "எனக்கும் அது புடிக்கயில்ல."

உம்மா திரும்பினா. "என்னது? கலியாணம் முடிச்ச புதுசில ஒரு மாசம் குடிச்சீங்களே! அண்டைக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கயில்லயே."

அன்று வீடே சிரித்தது. இவரும் சிரித்தார், கீழ் வீட்டில், எல்லார் முன்னாலும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். எனக்கு அன்றிலிருந்துதான் நெருப்பில் நிற்பதுபோல் ஆயிற்று. கோப்பியும் போயிற்று, கடையும் போயிற்று. காலையில் வீட்டில்தான் இருக்கிறார். இனி அவர் போனால் அதற்குக் காரணம் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. நான்தான் காரணம். டிக்கெட் திகதி நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் பெட்டியைத் தொடவுமில்லை, போகவில்லை என்று சொல்லவுமில்லை. உம்மா அவர் கொண்டுபோக மாசிக் கருவாட்டுத் துண்டும் மிளகாய்த்தூளும் கட்டத் தொடங்கினா. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வகுப்பில் பிள்ளைகளை வீணாக ஏசினேன். அசருக்குப் பிறகு மேல்தட்டுக்குப் போவதை மட்டும் இருவரும் விடவில்லை. கதையும் முடியப் போகிறது என்று அத்தியாயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தோம்.

டிக்கெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். நூறாவது நாள். மழை. வாசலில் கம்பனி லொறி வந்து நிற்கிறது. குடைக்காரி உள்ளே அழுகிறாள். அவன் சுவரோடு ஒட்டி நிற்கிறான். அவர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தைத் தள்ளினேன். லொறியிலிருந்து இறங்கினவன் ஒரு கடிதத்தை நீட்டுகிறான். சோதனை வெற்றி, இயந்திரத்தை இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கம்பனி முடிவெடுத்துவிட்டதாம். பெரியம்மா கைதட்டுகிறாள். குடைக்காரி ஓடிவந்து படியில் தடுக்கி, எட்டாவது தடவையாக, அவன்மேல் விழுகிறாள். முற்றும்.

போனைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

"இதென்ன முடிவு!" என்று கத்தினேன். "கம்பனி முடிவெடுத்ததாம்! கடுதாசி வந்ததாம்! நூறு நாளா ஒரே வீட்டுல இரிந்தாளே, இவளுக்கு வாய் இல்லயா? ஒருக்கா அவனிட்டக் கேட்டாளா? நிக்கிறயா, போறயா, ஒனக்கு என்ன விருப்பம் எண்டு ஒருக்கா, ஒரேயொரு..."

அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரை ஏசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கிவிட்டது. முகமெல்லாம் சுட்டது. மானமாவது மண்ணாங்கட்டியாவது.

"மச்சான், நீங்க இஞ்ச நிப்பீங்களா? போகாதீங்க. எனக்கு நீங்க போறது விருப்பமில்ல."

அவர் குனிந்து இரு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் கம்பனிக்கு எழுதிப் போட்டு பத்து நாளாகுது" என்றார். "வரல்ல எண்டு. டிக்கெட்டையும் வெட்டியாச்சி. மாமி இஞ்சித் தேத்தண்ணி தந்தாங்களே, அண்டைக்குப் பின்னேரமே எழுதின."

நான் கேட்டது சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "பத்து நாளா? ஏன் சொல்லல்ல?"

"எப்படிப் புள்ள சொல்லுற? வீடு ஒங்கட வீடு. நான் கேட்ட நேரம் ஒங்கட விருப்பம் எண்டு சொல்லிப்போட்டீங்க. மாமி பொதி கட்டுறாங்க. அதுக்குள்ள நானே வந்து, இஞ்சதான் இரிக்கப் போறன், சோறு போடுங்க எண்டு சொல்ல ஏலுமா? நீங்க ஆராவது ஒரு வார்த்த சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்த."

"சொல்லாட்டி? நாலு நாள்ல என்ன செய்திரிப்பீங்க?"

"பெட்டியத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய், எங்கட உம்மா வீட்டுல இரிந்திரிப்பன்" என்றார். "கட்டாருக்குப் போய்ட்டன் எண்டு நீங்க நினைச்சிரிப்பீங்க."

யா அல்லாஹ்! வரிப்பத்தான்சேனையில் ஒளிந்திருந்து எனக்குக் கட்டாரிலிருந்து பேசுகிறேன் என்று போன் எடுத்திருப்பார் இந்த மனுசன்! எனக்கு வந்த கோபத்தையும் சந்தோசத்தையும் எப்படிச் சொல்வது? பத்து நாள் குளியலறையில் அழுத அழுகையெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாய் வழியாக வந்தது. காய்ந்த உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து அவர்மேல் எறிந்தேன். விசரா, கல்லுளிமங்கா, நீயெல்லாம் மனுசனா, மெசினுக்குக்கூட இதைவிட வாய் இருக்கும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நீ என்று கூப்பிட்டு, கடற்கரை வீதிவரை கேட்கிற மாதிரி ஏசினேன். அழுதுகொண்டே ஏசினேன். அவர் தலைக்குமேல் சாரன் ஒன்று தொங்க, அப்படியே இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு உம்மா மூச்சு வாங்க மேலே ஓடிவந்தா. மாப்பிள்ளையின் தலையில் உடுப்பைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா. "றப்பே! மாப்புளயோட கதைக்கிற கதையாடி இது?"

அவர் சாரனை எடுத்து மடியில் வைத்தார்.

"அவ ஏசட்டும் மாமி" என்றார். "நான் போகல்ல. இஞ்சதான் இரிக்கப் போறன்."